நாலரை மணி வெளிச்சமும் நம்ம புள்ளைங்க கண்ணும்

[காட்சி: வெடிச்சுக் கிடக்கிற வயல். நடுவுல மூணு சவுக்குக் குச்சி ஸ்டம்பு. பக்கத்துல ஒரு தென்னை மட்டை. ஆள் இல்லை.]

மே மாசம். மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமம். சம்பா அறுத்தாச்சு, தரிசுல தெளிச்ச உளுந்தும் எடுத்தாச்சு. வழக்கம்போல ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்து, தண்ணி கல்லணை தாண்டி இந்த வாய்க்காலுக்கு வந்து சேர்ற வரைக்கும் இந்த வயலுக்கு வேலை கிடையாது. எங்க காலத்துல அந்த இடைவெளிக்குப் பேரே கிரவுண்டுதான். இப்ப ஸ்டம்பு நிக்குது. பசங்க எங்க?

[காட்சி: திண்ணை. நாலு பசங்க, ஒரே போன்.]

இதோ. இவங்களும் கிரிக்கெட்தான் ஆடுறாங்க, கட்டை விரலால.

"வெளியில போய் விளையாடு, உடம்புக்கு நல்லது"ன்னு சொல்லிச் சொல்லி நமக்கே அலுத்துப்போச்சு. அஞ்சு வயசுக்கு மேல தினம் 60 நிமிஷமாவது ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. அதை அப்படியே வெச்சுக்குவோம். இன்னைக்கு நான் பேச வந்தது கண்ணைப் பத்தி.

[படம்: கண்ணின் குறுக்குவெட்டு. மெல்ல நீளுது.]

புள்ளை வளரும்போது கண்ணும் முன்னும் பின்னுமா நீளும். அளவா நீளணும். கூடிப்போச்சுன்னா, வெளிச்சம் விழித்திரையில போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே குவிஞ்சிடும். கையில இருக்கிற புத்தகம் தெரியும், கரும்பலகை கலங்கும். இதுதான் கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் கூட நீண்டா போதும், மைனஸ் ரெண்டரை பவர் அளவுக்குப் போயிடும். கண்ணாடி போட்டா பார்வை தெளியும். ஆனா நீண்ட கண்ணு திரும்பச் சுருங்காது.

அப்போ 'போதும், நில்லு'ன்னு கண்ணுக்குச் சொல்றது எது? வெளிச்சம். நல்ல வெளிச்சம் பட்டா விழித்திரையில டோபமின்னு ஒரு பொருள் சுரக்குது, அது கண்ணு நீள்றதை மட்டுப்படுத்துது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏத்துக்கிற விளக்கம் இதுதான். வயலுக்குத் தண்ணி போதும்னதும் மடையை அடைக்கிறோமே, அந்த வேலை.

எவ்வளவு வெளிச்சம்? வெளிச்சத்தை லக்ஸ்ல அளப்பாங்க. டியூப்லைட் போட்ட அறையில பொதுவா 300, மிஞ்சினா 500 லக்ஸ். நம்ம கண்ணுக்கு அது பளிச்சுன்னுதான் தெரியும், அங்கதான் ஏமாந்து போறோம். நடுப்பகல் வெட்டவெளியில அது ஒரு லட்சம் வரைக்கும் போகும். மரத்து நிழல்லயே சில ஆயிரம் இருக்கும்.

நிழல்னு சொன்னேன், கவனிச்சீங்களா? "வெயில்ல நின்னா கருத்துப் போயிடுவே"ன்னு பொம்பளைப் புள்ளைங்களை மட்டும் உள்ள இழுத்து உட்கார வைக்கிற வீடுகளுக்காகவே சொல்றேன். கருத்தா கருக்கட்டும், அதுக்கும் மனசு வரலைன்னா, புங்கமரத்தடியில பாண்டி ஆடட்டும். ஓடணும்னுகூட இல்லை. டியூஷனையே வேப்பமரத்தடிக்கு மாத்தினாலும் கண்ணுக்கு அது கணக்குல சேரும்.

[காட்சி: பள்ளி மைதானம்.]

சீனாவுல குவாங்சோ நகரத்துல 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்தாங்க. பாதிப் பள்ளிகள்ல முதல் வகுப்புப் புள்ளைங்களுக்கு தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளியில வகுப்பு. மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா, வழக்கம்போல நடந்த பள்ளிகள்ல 100-க்கு 39.5 பேருக்குப் புதுசா கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில போனவங்கள்ல 30.4 பேருக்கு. 2015-ல வெளியான முடிவு இது. மந்திரம் இல்லை, வெளியில போனவங்களுக்கும் வந்திருக்கு. ஆனா செலவே இல்லாத மருந்துக்கு இவ்வளவு பலன்னா சும்மாவா? தைவான்ல 2010-லேர்ந்தே தினம் 120 நிமிஷம் வெளியிலன்னு பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வெச்சிருக்காங்க. இங்க பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். நான் படிச்ச அஞ்சு வருஷமும் திருப்பித் தந்ததே இல்லை.

ஒண்ணு சொல்லிடணும். ஏற்கெனவே கண்ணாடி போட்ட புள்ளை விளையாடப் போனா பவர் இறங்காது. கண்ணாடியைக் கழட்டச் சொல்லாதீங்க. இந்த ஆதாரம் எல்லாம் கிட்டப்பார்வை வராம தடுக்கிறதுக்குத்தான் வலுவா இருக்கு.

[காட்சி: மதகு. ஷட்டருக்குக் கீழ நுரைச்சு ஓடுற தண்ணி.]

சரி, டெல்டாக்காரங்க ஏன் புள்ளையை வெளியில விடப் பயப்படுறோம்? இதுதான் காரணம். நேத்து வரைக்கும் மணலா கிடந்த ஆத்துல, திறந்துவிட்டா ரெண்டு மூணு நாள்ல ஆள் மட்டத்துக்குத் தண்ணி போகும். ஷட்டருக்குக் கீழ சுழல் இருக்கும். மணல் அள்ளின குழி எங்க இருக்குன்னு மேலேர்ந்து பார்த்தா தெரியாது. இந்தப் பயம் நியாயமான பயம். ஆனா அதுக்குப் பதில் புள்ளையைப் பூட்டி வைக்கிறது இல்லை. கரையில ஒரு பெரியவர் இருக்கணும். எனக்கு எங்க தாத்தா முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டித்தான் நீச்சல் பழக்கினார். ஆடி 18-க்குச் சப்பரம் இழுத்துக்கிட்டு ஆத்துக்குப் போனபோதும் நாங்க தனியாப் போகலை, தெருவே பின்னாடி வந்தது. இப்பவும் புள்ளைங்க இருக்காங்க, ஆறு இருக்கு. பின்னாடி வர்ற தெருதான் குறைஞ்சு போச்சு.

மத்தது சுருக்கமா. கத்திரி வெயில்ல 11 மணியிலேர்ந்து மூணரை வரைக்கும் வேண்டாம். செருப்பு போடட்டும், கொக்கிப்புழு கால் வழியா ஏறும். பள்ளிக்கூடத்துல தர்ற குடற்புழு மாத்திரையை மென்னு முழுங்கட்டும். பொழுது சாஞ்சா வரப்புல டார்ச் இல்லாம நடக்கக் கூடாது, விரியன் கிடக்கும்.

போனைப் பிடுங்கினா மட்டும் வேலைக்கு ஆகாது. தனியாளா வெளியில தள்ளின புள்ளை பத்து நிமிஷத்துல திரும்பிடும். பக்கத்து வீட்டுப் புள்ளைங்களையும் சேர்த்துக் கூப்பிடணும், ஒரு பந்து வேணும், வரப்புல உட்கார ஒரு ஆள் வேணும்.

[காட்சி: அதே வயல், மணி நாலரை. அதே நாலு பசங்க. வரப்புல வெத்தலைப் பெட்டியோட ஒரு அப்பாயி.]

"அப்பாயி, நீங்கதான் அம்பயர்!"

"எனக்கு உங்க சட்டமெல்லாம் தெரியாதுடா. உங்கப்பன் அவுட்டானா மட்டையை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு ஓடி வந்துடுவான், அதுதான் தெரியும்."