நூறு மடங்கு ஆசீர்வாதம்: அந்த வசனத்தில் யாரும் வாசிக்காத ஒரு வார்த்தை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். காற்றுச் சத்தம் பலமாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் நிற்கிறேன். மைக்கில் கைக்குட்டையைச் சுற்றியும் இந்தக் கணவாய்க் காற்று விடுவதாக இல்லை.

நான் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவள். புனிதர்களிடம் வேண்டிக்கொள்ளும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆனாலும் இன்றைய விஷயத்தை, விசுவாசித்துக் காணிக்கை கொடுத்தால் பணமும் சுகமும் வரும் என்ற செழிப்பு உபதேசத்தைப் பற்றி, வேறு எங்கும் போய்ப் பேச மனம் வரவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்த தேவசகாயம் பிள்ளையை 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொன்ற இடம் இது. அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் என் அத்தை கதை.

மாமாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் காணிக்கை உறை கொடுத்தார்கள். ஊர் பெயர் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். உறையின் மேல் 'நூறத்தனை விதை' என்று அச்சடித்து, கீழே மாற்கு 10:30 என்று போட்டிருந்தது. அத்தை கையில் இருந்த இரண்டு வளையல்களையும் கழற்றி அதற்குள் போட்டாள். சோப்பு போட்டால்தான் கழலும் வளையல்கள். குழாயடியில் போய்க் கழற்றி, துடைத்து, கொண்டுவந்து போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நாலு மாதத்தில் மாமா போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள், "வீட்டில் யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வளையல் போனதைப் பற்றி அத்தை ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் இந்த வார்த்தை அவளை அரித்துவிட்டது. ஒரு ராத்திரி என்னிடம் கேட்டாள்: "நான் டாக்டரிடம் இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்று கேட்டேனே, அதுதான் அவிசுவாசமாகப் போயிற்றோ?"

செழிப்பு உபதேசத்தின் மேல் எனக்கு இருக்கும் முதல் கோபம் இதுதான். பணம் வாங்குகிறார்கள் என்பது அப்புறம். கிடைத்தால் கர்த்தர் கொடுத்தார், கிடைக்காவிட்டால் உன் விசுவாசம் போதவில்லை. இப்படிச் சொன்னால் போதகர் எப்போதும் தப்பித்துக்கொள்வார். மாட்டிக்கொள்வது நோயாளியும் விதவையும் கடன்காரனும்தான்.

சரி, உறையில் இருந்த வசனத்துக்கு வருவோம். உங்கள் கையில் வேதாகமம் இருந்தால் திறந்து பாருங்கள். தமக்காக வீட்டையும் நிலத்தையும் விட்டவன் இம்மையிலே நூறத்தனையாக அடைவான் என்று இயேசு சொல்கிறார். அந்த வாக்கியத்தின் நடுவிலேயே 'துன்பங்களோடேகூட' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. உறையில் அதை அச்சடிக்கவில்லை. நூறு தாய்மாரும் நூறு சகோதரரும் கிடைப்பார்கள் என்றும் அங்கே இருக்கிறது. ஒருவனுக்கு நூறு அம்மா எப்படிக் கிடைப்பார்கள்? வீட்டை விட்டு வந்தவனைச் சபை தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளும்போது கிடைப்பார்கள். நூறு வீடும் அப்படித்தான், அவனுக்குக் கதவு திறக்கும் வீடுகள். பத்திரப்பதிவு பற்றிய வசனம் இல்லை இது.

இன்னொன்று, 2 கொரிந்தியர் 8:9. கிறிஸ்து தரித்திரரானது நாம் ஐசுவரியவான்களாகும்படிக்கு என்ற வசனம். கார் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு இதைப் பிரசங்கித்தவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பவுல் இதை எதற்கு எழுதினார்? எருசலேமில் வறுமையில் கிடந்த விசுவாசிகளுக்குப் பணம் சேர்ப்பதற்கு. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் மக்கெதோனியா சபையாரைப் பாராட்டுகிறார். கொடிய தரித்திரத்தில் இருந்தும் அள்ளிக் கொடுத்தார்கள் என்கிறார். 'உங்கள் தரித்திரத்துக்கு அவிசுவாசம்தான் காரணம்' என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காணிக்கையை விதைபோல் கொடுத்தால் பல மடங்காகத் திரும்பும் என்ற 'விதை காணிக்கை' பேச்சைப் பரப்பியதில் அமெரிக்கப் பிரசங்கி ஓரல் ராபர்ட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கர்த்தர் தம்மை எடுத்துக்கொள்வார் என்று 1987இல் அவர் சொன்னார். இன்னொரு அமெரிக்கப் பிரசங்கி ஜிம் பேக்கர் 1989இல் மோசடி வழக்கில் சிறைக்குப் போனார், அங்கே வேதத்தை முழுக்க வாசித்தபின் தாம் போதித்தது தவறு என்று 1996இல் புத்தகமே எழுதினார். நம் பெந்தெகொஸ்தே பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வந்திருக்கிறது. 'வாயால் அறிக்கை செய், கிடைத்துவிடும்' என்ற போதனையின் ஆபத்தை அமெரிக்க அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை 1980லேயே எழுத்தில் எச்சரித்தது. கானாவில் அக்ரோபோங் என்ற ஊரில் 2008, 2009இல் கூடிய ஆப்பிரிக்க இறையியலாளர்கள், ஒருவரின் ஆவிக்குரிய நலனை அவருடைய பொருள் வசதியால் அளக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னார்கள். இதைச் சொன்னவர்கள் வறுமையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள், அதனால் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. ஏழை பிழைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் என் தம்பிக்கு வேலை கிடைக்க ஜெபிக்கிறேன்.

இப்போது தேவசகாயம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தார். டச்சுக் கம்பெனிப் படையில் இருந்து, குளச்சல் போரில் பிடிபட்டு, மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்த டிலனாய் அவருக்கு நண்பர். 'இயேசுவை ஏற்றுக்கொள், போன சொத்து இரட்டிப்பாக வரும்' என்று டிலனாய் ஆசை காட்டியிருக்கலாம், ஆனால் காட்டவில்லை. அவர் எடுத்துச் சொன்னது யோபுவின் கதை, எல்லாம் போனபின்னும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னவனின் கதை. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் எடுத்து லாசரு என்ற பெயர் பெற்றார். அதைத் தமிழில் சொன்னால் தேவசகாயம். ஏழே வருடம். உத்தியோகம் போயிற்று, விலங்கு வந்தது, எருமைமேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர்வலம் விட்டார்கள், கடைசியில் இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த உறையைக் கொடுத்தவர்கள் இவரைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? விசுவாசம் போதவில்லை என்றா?

இதோ, இந்தப் பாறையைத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். கொஞ்சம் நெருங்கி வருகிறேன், கேளுங்கள்.

கேட்டதா? அத்தையும் இன்று என்னோடு வந்திருக்கிறாள். அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். காரில் வரும்போது மாற்கு 10:30ஐ அவளிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். 'துன்பங்களோடேகூட' என்ற இடத்தில் நிறுத்தி, "இது முதலிலிருந்தே இங்கே இருந்ததா?" என்று கேட்டாள். இருந்தது அத்தை என்றேன். திரும்ப ஒருமுறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.