அப்பத்தா வீட்டு டிவியும் 20 ரூபாய் கனெக்டரும்

வணக்கம் மக்களே. மதுரைப் பக்கம் செக்கானூரணியில் அப்பத்தா வீட்டு மொட்டை மாடியில் நிற்கிறேன், காற்று இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். செம கடுப்பில் இருக்கிறேன். புது டிவி வந்தாச்சு, மாடியில் டிஷ்ஷும் இருக்கிறது. நடுவில் வயர் மாட்ட ஒருவர் 400 ரூபாய் கேட்டார். நம்ம சேனல் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், இதற்கெல்லாம் நான் காசு கொடுக்கிற ஆள் இல்லை.

நேராக மதுரை டவுன்ஹால் ரோடு போய், வயர் முனையில் மாட்டுகிற எஃப் கனெக்டர் வாங்கினேன். ஒன்று 20 ரூபாய். இதோ, கிட்டத்தில் காட்டுகிறேன். திருகி மாட்டுகிற வகை. என்ன அழகு பாருங்கள்! வயரை முறுக்கி டேப் சுற்றுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. டிஷ்ஷிலிருந்து வருகிற இந்த ஆர்ஜி 6 வயரில் நடுவே ஒரு கம்பி, சுற்றிலும் வலை. வலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் படம் அவ்வளவுதான். வலையைப் பின்னால் மடித்துவிட்டுத் திருகுங்கள், கம்பி முனை மட்டும் கொஞ்சம் வெளியே தெரியட்டும்.

அட, முக்கியமானதை விட்டுட்டேன். திருகுவதற்கு முன்னால் பாக்ஸை, அதாவது செட் டாப் பாக்ஸை, அணைத்துவிடுங்கள். இதே வயர் வழியாகத்தான் டிஷ் முனையில் சிக்னலைப் பிடிக்கிற எல்என்பிக்குக் கரண்ட் போகிறது, 13 இல்லாவிட்டால் 18 வோல்ட். செங்குத்து அலையை எடுப்பதா, கிடை அலையை எடுப்பதா என்று அதற்குச் சொல்வதே இந்த வோல்ட்தான். "வயரை ரெண்டாப் பிரிக்கிற கேபிள் ஸ்ப்ளிட்டர் போட்டு ஒரே டிஷ்ஷில் இரண்டு பாக்ஸ் ஓட்டலாமா அண்ணே" என்று போன வீடியோவில் கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். ஒரு பாக்ஸ் 13 அனுப்பும், இன்னொன்று 18 அனுப்பும். மாமியார் சேனல் மாற்றினால் மருமகளுக்குப் படம் போகும். இரண்டு முனை உள்ள எல்என்பி வாங்கி, தனித்தனி வயர் இழுங்கள்.

டிஷ் இல்லாமல் கேபிள் டிவி வைத்திருப்பவர்கள் கதை சின்னது. கேபிள்காரர் கொடுத்த பாக்ஸ் இல்லாமல் வயரை டிவியில் நேரடியாகச் செருகிப் பிரயோஜனமில்லை. பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ போடுங்கள். அந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைத் தூக்கிப் போடுங்கள், புது டிவியில் முகமெல்லாம் மங்கலாகத் தெரியும்.

பின்னால் குழாயில் நிற்கிறதே, அது பழைய ஆன்டெனா. மேற்கே கொடைக்கானல் டவரைப் பார்த்துத் திருப்பி வைத்தது. தூர்தர்ஷன் பழைய அனலாக் டவர்களை 2022-க்குள் பெரும்பாலும் மூடிவிட்டது. அப்பத்தா இன்னும் கழற்ற விடவில்லை, துணி காயப்போட கொடி கட்டியிருக்கிறது.

அப்புறம் டிஷ். 2004-இல் வந்த தூர்தர்ஷனின் இலவச டிஷ் இது, மாதக் கட்டணம் கிடையாது. இதற்குச் சிக்னல் அனுப்புகிற செயற்கைக்கோள் ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கு. மதுரையிலிருந்து தென்கிழக்கே, கிட்டத்தட்ட 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அதற்காக டிஷ்ஷை வானத்தைப் பார்த்துப் படுக்கப் போட்டுவிடாதீர்கள்! இது ஆஃப்செட் டிஷ், அதன் முகம் அந்த உயரத்துக்குக் கீழேதான் பார்க்கும். துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நின்று, டிவியில் சிக்னல் குவாலிட்டி கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். எனக்கு 82 வந்திருக்கிறது. எண்பத்தி ரெண்டு! ஸ்கிரீன்ஷாட் போடுகிறேன்.

ஸ்கேன் ஓடுகிறது. டிடி தமிழ் வந்துவிட்டது. "சத்தத்தைக் கூட்டுடா"ன்னு கீழேயிருந்து குரல் வருகிறது. இருங்க, போய்ட்டு வரேன்.