கண்ணருகே ஒரு சிராய்: லூச்சியோ ஃபுல்ச்சியின் திரைவாழ்க்கை

அனைவருக்கும் வணக்கம். இத்தாலியத் திரைப்பட இயக்குநர் லூச்சியோ ஃபுல்ச்சி என்றதும் பலருக்கும் இரத்தமும் நடமாடும் பிணங்களும் மட்டுமே நினைவுக்கு வருவது எனக்கு நெடுநாளைய வருத்தம். அவர் அடிப்படையில் நகைச்சுவை எழுதிப் பழகியவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்தத் திகில் காட்சிகள் எப்படிக் கட்டப்பட்டன என்பது விளங்கும்.

1927இல் ரோமில் பிறந்த ஃபுல்ச்சி, மருத்துவப் படிப்பிலிருந்து சினிமாவுக்கு வந்து, இயக்குநர் ஸ்டெனோவிடம் தொழில் கற்றார். 1954இல் வெளிவந்த ‘உன் அமெரிக்கானோ ஆ ரோமா’ (ரோமில் ஓர் அமெரிக்கன்) என்ற நகைச்சுவைப் படத்தின் திரைக்கதையாசிரியர்களுள் அவரும் ஒருவர். அதில் அமெரிக்க மோகம் தலைக்கேறியவராக வரும் நடிகர் ஆல்பெர்தோ சோர்தி, மேசையில் காத்திருக்கும் மக்ரோனித் தட்டை ஒதுக்கிவிட்டு, ரொட்டியில் ஜாமையும் கடுகு விழுதையும் தடவி, பாலையும் ஊற்றி வாயில் வைப்பார், முகம் கோணும், துப்பிவிட்டு மக்ரோனியை அள்ளி அள்ளித் தின்பார். அவர் கை அந்தத் தட்டுக்குத் திரும்பும் என்பது நமக்கு முன்பே தெரியும். அதைத் தள்ளிப்போடத் தள்ளிப்போடத்தான் சிரிப்பு பெருகுகிறது.

இனி 1979க்கு வருவோம். அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் நடமாடும் பிணங்கள் பற்றிய படம் இத்தாலியில் ‘ஸோம்பி’ என்ற பெயரில் ஓடியிருந்ததால், அதனோடு தொடர்பே இல்லாத ஃபுல்ச்சியின் படத்துக்கு ‘ஸோம்பி 2’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் உடைந்த கதவின் வழியே நீளும் கை ஒரு பெண்ணின் தலைமுடியைப் பற்றி இழுக்க, நீட்டிக்கொண்டிருக்கும் மரச்சிராயை நோக்கி அவள் கண் மெல்ல, மிக மெல்ல நகர்கிறது. முடிவு தெரிந்தும் நம்மைக் காக்க வைக்கும் அதே கணக்குதான் இங்கும் இருக்கிறது. சிரிப்பு நின்ற இடத்தில் நடுக்கம் நிற்கிறது.

அவர் 1971இல் எடுத்த ஒரு படத்தில், வயிறு கிழிக்கப்பட்ட நாய்களின் உருவங்கள் அத்தனை மெய்யாக இருந்ததால் வழக்கே வந்தது. அவற்றைச் செய்த கார்லோ ரம்பால்தி, பின்னாளில் ‘ஈ.டி.’ படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர், நீதிமன்றத்துக்கு வந்து அவை பொம்மைகள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

அவருடைய எல்லாப் படங்களையும் நான் ஆதரிக்கவில்லை. 1982இல் வந்த ‘நியூயார்க் ரிப்பர்’ பெண்கள்மீது காட்டும் கொடூரம் என்னால் ஏற்க முடியாதது.

ஆனால் 1972இல் அவர் இணைந்து எழுதி இயக்கிய, வாத்துக் குஞ்சை வதைக்கலாகாது என்று பொருள்படும் தலைப்புடைய படத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். தென் இத்தாலியக் கிராமமொன்றில் சிறுவர்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட, சூனியக்காரி என்று பெயரெடுத்த ஒருத்திமீது ஊரின் சந்தேகம் விழுகிறது. காவல்துறை விடுவித்த பிறகும், கல்லறைத் தோட்டத்தில் ஆண்கள் அவளைச் சங்கிலியால் அடிக்கிறார்கள். வானொலியில் ஒரு காதல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஃப்ளோரிண்டா போல்கன் நடித்த அந்தப் பெண் குற்றுயிராய்த் தவழ்ந்து நெடுஞ்சாலை ஓரத்தை எட்டுகிறாள். குடும்பம் குடும்பமாகக் கார்கள் அவளைக் கடந்து செல்கின்றன, ஒன்றுகூட நிற்பதில்லை.