பனியனில் எழுதிய கம்பெனிப் பெயர்

(திருப்பூரில் கூடைப்பந்துக் கழக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, வரவேற்புரை ஆற்றிய கழகச் செயலாளர் அவர்களே, ஏற்றுமதி நெருக்கடியிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பனியன் கம்பெனி முதலாளிமார்களே, மைதானத்தை மனமுவந்து கொடுத்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, முதல் வரிசையில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த ஆடுகளத்துக்கு சிமெண்ட் தளம் போட்ட நாட்களில், காலையும் மாலையும் தானே ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தண்ணீர் விட்டவர் அவர். ஆள் வைத்துச் செய்திருக்கலாம், செய்யவில்லை. தளத்தில் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை. அதேபோல் செயலாளர் அவர்கள், காயம்பட்ட பிள்ளைகளைத் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர். இவர்களுக்கெல்லாம் உங்கள் கைதட்டல் வேண்டும்.

அமெரிக்காவில் கம்பெனிகள் நடத்திய அமெச்சூர், அதாவது ஆடுவதற்குப் பணம் வாங்காதவர்களின், கூடைப்பந்து லீகுகளின் வரலாற்றைப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். அவை எப்படித் தோன்றின, ஒலிம்பிக்கில் என்ன சாதித்தன, ஏன் மறைந்தன. மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே பழமொழிதான்: உப்பிட்டவரை உள்ளளவும் நினை. நான் பேசும் மேடைகளுக்கு வந்தவர்களுக்கு இது பழகிய பழமொழி. இன்றைக்கு அதன் மறுபக்கத்தையும் பார்க்கப் போகிறோம்.

1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டி, 13 விதிகள் எழுதி, இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் பெரிய தொழிற்சாலை இருந்த பல ஊர்களில் ஓர் அணி இருந்தது. காரணம் இதுதான். அமெச்சூர் தடகளச் சங்கமான ஏ.ஏ.யூ.வின் விதிப்படி, ஆடுவதற்குப் பணம் வாங்கக் கூடாது. ஆனால் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கலாம். கல்லூரி முடித்த ஆட்டக்காரருக்குக் கம்பெனி வேலை கொடுத்தது. பகலில் அலுவலகம், சாயங்காலம் பயிற்சி. நெஞ்சில் கம்பெனிப் பெயர். அந்தப் பெயர் பத்திரிகையில் வந்தது, சரக்கு விற்றது. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

ஓக்லஹோமா மாநிலத்தில் பார்ட்டில்ஸ்வில் என்று ஒரு சிறிய ஊர். அங்கேதான் பிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனியின் தலைமையகம் இருந்தது. அவர்களுடைய பிலிப்ஸ் 66 அணி 11 முறை ஏ.ஏ.யூ. தேசிய சாம்பியன். 1943 முதல் 1948 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள்! அந்த அணியில் பாப் கர்லாண்ட் என்று, ஏழடியை நெருங்கிய உயரத்தில் ஒருவர். தொழில்முறை அணிக்குப் போகாமல் பிலிப்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். 1948, 1952 என இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். ஆட்டத்தை விட்ட பிறகும் அதே கம்பெனியில் அதிகாரியாக உயர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்தார். உப்பிட்டவர்களும் அவரைக் கைவிடவில்லை. இளைஞர்களே, இந்த இரண்டாவது வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1936இல் பெர்லினில்தான் கூடைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக்கில் பதக்க ஆட்டமானது. அமெரிக்கா அனுப்பிய அணியில் பெரும்பாலோர் இரண்டு கம்பெனிகளின் ஆட்கள். ஒன்று யுனிவர்சல் பிக்சர்ஸ் என்ற சினிமா கம்பெனி, இன்னொன்று கான்சாஸ் மாநிலத்து மெக்ஃபெர்சன் ஊரின் குளோப் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. இறுதி ஆட்டம் திறந்தவெளியில், டென்னிஸ் ஆடும் களிமண் தரையில் நடந்தது. மழை கொட்டுகிறது. பந்து தரையில் விழுந்தால் எழும்பவில்லை, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் டிரிப்ளிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. சேற்றில் நின்று ஒருவருக்கொருவர் எறிந்து எறிந்தே ஆடினார்கள். கனடாவை 19க்கு 8 என்று வென்றார்கள். அந்த ஒலிம்பிக்கைக் காண நெய்ஸ்மித்தே வந்திருந்தார். 1948இல் லண்டனில் தங்கம் வென்ற அணியில் பிலிப்ஸ் ஆட்கள் ஐந்து பேர். பிரான்சுக்கு எதிரான இறுதி ஆட்டம் 65க்கு 21. 1954 உலகக் கோப்பைக்கு அமெரிக்காவின் சார்பாகப் போய் வென்றது பியோரியா கேட்டர்பில்லர் அணி. நம் ஊர்களில் மண் அள்ளும் மஞ்சள் இயந்திரம் செய்கிற அதே கேட்டர்பில்லர்தான்.

இனி ஒரு பெண்ணின் கதை. இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

டெக்சாஸ் மாநிலத்து போமாண்ட் ஊரில், நார்வேயிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண். பெயர் பேப் டிட்ரிக்சன். 1930இல் அவர் பள்ளியில் கூடைப்பந்து ஆடுவதை டல்லாஸ் நகரத்து இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரி ஒருவர் பார்க்கிறார். எம்ப்ளாயர்ஸ் கேஷுவல்டி என்பது அந்தக் கம்பெனி. அதன் பெண்கள் அணிக்கு கோல்டன் சைக்ளோன்ஸ் என்று பெயர். பள்ளிப் படிப்பு முடியுமுன்பே கூப்பிட்டு அலுவலக வேலை கொடுக்கிறார்கள். சம்பளம் மாதம் 75 டாலர். நாடே வேலையில்லாமல் தவித்த பெருமந்த காலம் அது! அடுத்த ஆண்டே, 1931இல், அந்த அணி தேசிய சாம்பியன்.

கதை அதோடு முடியவில்லை. கூடைப்பந்து இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று அதே கம்பெனி தடகளப் பயிற்சியும் கொடுத்தது. 1932 ஜூலையில் இல்லினாய் மாநிலத்து எவன்ஸ்டனில் தேசியப் போட்டி. ஒலிம்பிக் தேர்வும் அதுவே. மற்ற கிளப்புகளிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். இந்தக் கம்பெனி அனுப்பியது ஒரே ஒருத்தியை. அணியும் அவர்தான், தலைவியும் அவர்தான். ஒவ்வோர் அணியாகப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். இந்த அணியின் பெயர் வந்ததும் அவர் மட்டும் கையை வீசிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வருகிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது.

ஒரே பிற்பகலில் எட்டுப் போட்டிகள். இங்கே குண்டு எறிந்துவிட்டு அங்கே ஓடுகிறார், மூச்சு வாங்குவதற்குள் உயரம் தாண்டக் கூப்பிடுகிறார்கள். ஐந்தில் முதலிடம், உயரம் தாண்டுதலில் இன்னொருவரோடு சேர்ந்து முதலிடம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அணிக் கோப்பையும் இவருக்கே! இரண்டாவதாக வந்த கிளப்பில் 22 பேர், அவர்கள் எடுத்தது 22 புள்ளி. இந்த ஒற்றைப் பெண் எடுத்தது 30. அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி.

இவரைக் கண்டெடுத்தது அரசாங்கம் இல்லை, பெரிய பல்கலைக்கழகம் இல்லை. ஒரு கம்பெனியின் கூடைப்பந்து அணி!

திருப்பூர்க்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் என்ற ஊரில் ஹேன்ஸ் ஹோசியரி ஆலை. காலுறை பின்னுகிற ஆலை; நம்முடையது போலவே நிட்டிங் தொழில். அந்த ஆலையின் பெண்கள் அணி 1951, 52, 53 என மூன்று ஆண்டும் ஏ.ஏ.யூ. சாம்பியன். தொடர்ந்து 102 ஆட்டங்கள் தோற்கவே இல்லை. யூனீஸ் ஃபட்ச், ஈக்கி ஜோர்டன் என்ற இருவரும் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் மோதும் 1955 பான் அமெரிக்கப் போட்டியில் தங்கம் வாங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஆலையின் அணி கலைந்துவிட்டது. ஆனால் இருவருக்கும் வேலை போகவில்லை.

காலுறை ஆலையால் முடிந்தது பனியன் ஆலையால் முடியாதா?

மூன்றாவது செய்தி, ஏன் மறைந்தன என்பது. தொழில்முறை லீகில் பணம் பெருகியது, நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே போனார்கள். 1947இல் தொடங்கிய தேசியத் தொழிற்சாலைக் கூடைப்பந்து லீக் 1961இல் நின்றது, பிலிப்ஸ் அணி 1968இல் கலைந்தது. விரிவாகச் சொல்ல இன்று நேரமில்லை. நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன்.

நம்மிடம் இந்த வழி இல்லாமல் இல்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். எல்லாம் கூடைப்பந்து அணி வைத்து எத்தனையோ வீட்டில் அடுப்பெரிய வைத்தவை. ஆனால் அந்த வாசலில் இடம் குறைவு. மாவட்டத்துக்கு ஆடிய பெண்கள் பலர் பன்னிரண்டாம் வகுப்போடு பந்தைக் கீழே வைக்கிறார்கள். நான் பயிற்சி கொடுத்த பெண் ஒருத்தி, இடது கையாலும் வலது கையாலும் ஒரே மாதிரி லே-அப் போடுவாள், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஓடி எம்பிப் பந்தைப் போடுவாள். இன்று ஒரு கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறாள். வேலையில் குறை சொல்லவில்லை, உழைத்துச் சாப்பிடுகிறாள். சாயங்காலம் இரண்டு மணி நேரம் விடுங்கள், கம்பெனி பெயரிலேயே ஆடுகிறேன் என்று கேட்டாள். ஷிஃப்ட் கெட்டுப்போகும் என்றார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

முதலாளிமார்களே, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று தொழிலாளிக்கு மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். அவர்கள் சிந்தும் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. அந்த உப்பை நீங்களும் நினைக்க வேண்டும்.

நான் நன்கொடை கேட்கவில்லை, கோப்பை கேட்கவில்லை, ஃபிளக்ஸ் பேனர் கேட்கவே இல்லை. ஒரு கம்பெனிக்கு இரண்டு பெண்கள். மெர்ச்சண்டைசிங், கணக்கு, தரக்கட்டுப்பாடு என்று ஏதாவது ஒரு பிரிவில் நிரந்தர வேலை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தத்தோடு. தினமும் நாலரை மணிக்கு மைதானத்துக்கு விட வேண்டும். முழங்கால் போய் ஆட முடியாமல் ஆனாலும் வேலை போகக் கூடாது; இதை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆறு கம்பெனி சேர்ந்தால் பன்னிரண்டு பேர், முழு அணி. இரண்டு அணி வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை லீக் தொடங்கிவிடலாம். மைதானம் தர அம்மா சம்மதித்திருக்கிறார்கள், பயிற்சி கொடுக்க நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம்.

விண்ணப்பப் படிவம் செயலாளர் கையில் இருக்கிறது. பெண்களின் பெயர்ப் பட்டியலும் அதோடு இணைத்திருக்கிறோம். சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில் அவருடைய மேசை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.