முதல் யூனிட் முடியாமல் இரண்டாவது எதற்கு?

நடுவர் அவர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பழைய வண்ணாரப்பேட்டை மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கல்லூரிப் பாடத்தில் வகுப்பு மொத்தமும் ஒரே வேகத்தில் நகர வேண்டுமா, அவரவர் வேகத்தில் ஒவ்வொரு யூனிட்டையும் முழுதாகக் கற்றுத் தேறிய பிறகு அடுத்ததற்குப் போக வேண்டுமா என்பது இன்றைய கேள்வி. நான் இரண்டாவது அணி. எனக்கு முன் பேசிய ஐயா, "பதினெட்டு வயசுப் பிள்ளையிடம் உன் வேகத்தில் படி என்றால் தள்ளிப்போட்டுக்கொண்டே போவான், அறுபது பேருக்குத் தனித்தனியாகத் தேர்வு வைக்க ஆள் எங்கே?" என்றார். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் காசிமேட்டுப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பி.காம். மாணவர்களுக்கு அக்கவுண்ட்ஸ் எடுக்கிறேன். நம் பக்கத்து மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கரையில் கட்டிக்கிடந்த விசைப்படகுகள் கடலுக்குப் போவதும், எங்கள் முதலாமாண்டு வகுப்பு தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயம். வீட்டில் இரண்டு மாதக் கடன். அந்தப் பையன் விடிவதற்கு முன்பே அப்பாவோடு ஏலத்தில் நின்றான். முதல் மூன்று வாரத்தில் பாதி நாள் வகுப்புக்கு வரவில்லை, வந்த நாளிலும் தூக்கம் கண்ணைச் சொருகியது.

அந்த மூன்று வாரத்தில் நான் நடத்தியது ஜர்னல். எது பற்று, எது வரவு என்கிற ஆரம்பப் பாடம். ஜர்னலில் எழுதியதுதான் லெட்ஜருக்குப் போகும். லெட்ஜரின் இருப்பை எடுத்துத்தான் டிரையல் பேலன்ஸ், அதிலிருந்துதான் பைனல் அக்கவுண்ட்ஸ். ஜர்னல் புரியாதவனுக்கு மற்ற மூன்றும் வெறும் கோடு போட்ட தாள். அவனுக்காக நான் நின்றேனா? நிற்கவில்லை. சிலபஸை முடிக்க வேண்டும், இன்டர்னல் தேதி வந்துவிட்டது. நகர்ந்துவிட்டேன். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

பாஸ் ஆனான். 42 மார்க். பாஸுக்கு 40 போதுமே! டிகிரி முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்த முதல் வாரம் எனக்குப் போன் செய்தான். "மேம், கடனுக்குச் சரக்கு வாங்கியிருக்காங்க. எதைப் பற்று வைக்கணும், எதை வரவு வைக்கணும்?" மூன்று வருடம் கழித்து வந்த முதல் யூனிட் கேள்வி. அப்புறம் ஆறு சாயங்காலம் உட்கார்ந்தோம். முழுசாகப் பிடித்துக்கொண்டான். அந்த ஆறு நாளை முதல் செமஸ்டரில் எங்கள் டைம் டேபிள் அவனுக்குத் தரவில்லை.

லைசென்ஸுக்கு எட்டு போடும்போது பாதியில் காலை ஊன்றினால், நூற்றுக்கு ஐம்பது என்று கணக்குப் போட்டு லைசென்ஸ் தருவதில்லை. பழகிவிட்டு இன்னொரு நாள் வா என்கிறார்கள். அப்படித் திரும்பிப் போவதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. கல்லூரியில் மட்டும் அதற்கு அரியர் என்று பெயர் வைத்து, பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிறோம்.

அவரவர் வேகத்தில் தேறிய பிறகே அடுத்த யூனிட் என்கிற இந்த முறையை 1960-களில் வகுத்தவர் பிரெட் கெல்லர் என்ற அமெரிக்க உளவியலாளர். கூட ஓர் அமெரிக்கரும் இரண்டு பிரேசில்காரர்களும் இருந்தார்கள். 1964-ல் பிரேசிலியா பல்கலைக்கழகத்தில் நடத்திப் பார்த்தார்கள். பாடத்தைச் சின்னச் சின்ன யூனிட்டாகப் பிரித்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தயார் என்று தோன்றுகிற நாளில் மாணவர் தேர்வுக்கு வரலாம். தேறாவிட்டால் மார்க் குறையாது, படித்துவிட்டு மறுபடி வரலாம். திருத்துகிறவர், அந்தப் பாடத்தை ஏற்கெனவே முடித்த இன்னொரு மாணவர். பக்கத்தில் உட்கார வைத்து, அங்கேயே திருத்தி, எங்கே தப்பு என்று காட்டுவார். ஐயா கேட்ட ஆள் இவர்தான்.

இது வெளியூர்ச் சரக்கும் அல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முந்தின பாடத்தை ஒப்பித்தால்தான் அடுத்த பாடம். வாத்தியாருக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வான். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மாணவரை வைத்தே மாணவருக்குக் கற்பித்தார். 1797-ல் லண்டனில் அதை எழுதி வெளியிட்டார். அங்கே அதற்கு விழுந்த பெயர் 'மெட்ராஸ் சிஸ்டம்'. திண்ணையின் பிரம்படியும், எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறக்காத அதன் கதவும் நமக்கு வேண்டவே வேண்டாம். சட்டாம்பிள்ளையை மட்டும் திரும்பக் கூப்பிடலாம்.

சரி, தள்ளிப்போடுவது. ஐயா சொன்னது உண்மை. இந்த முறையை நடத்தியவர்களே பட்ட பாடு அது. இத்தனை வாரத்துக்குள் இத்தனை யூனிட் என்று கெடு வைத்துச் சமாளித்தார்கள். ஆனால் இப்போதைய முறையில் யாரும் தள்ளிப்போடவில்லையா? தேர்வுக்கு முந்தின நாள் நம் ஜெராக்ஸ் கடை வாசலைப் பாருங்கள்! 1979-ல் 75 ஒப்பீட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கெல்லர் முறையில் படித்தவர்கள் இறுதித் தேர்வில் சராசரியாக நூற்றுக்கு எட்டு மார்க் அளவு கூடுதலாக எடுத்திருந்தார்கள். முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் இடையே இருந்த தூரம் குறைந்திருந்தது. பாதியில் நின்றவர்கள் கூடவில்லை, படிக்கச் செலவான நேரமும் கூடவில்லை.

போன வருடம் ஜர்னலுக்கு மட்டும் நானும் இதைச் செய்து பார்த்தேன். பத்து கணக்கு, பத்தும் சரியாக வந்தால்தான் லெட்ஜர். சனிக்கிழமை மதியம் மூன்றாமாண்டு மாணவிகள் நான்கு பேர் உட்கார்ந்து திருத்தினார்கள். கடைசியில் பைனல் அக்கவுண்ட்ஸை அவசரமாக முடிக்க வேண்டி வந்தது, ஒப்புக்கொள்கிறேன். முழுப் பாடத்துக்கும் இப்படிச் செய்வதென்றால் செமஸ்டர் கணக்கையே மாற்ற வேண்டும். அதைத்தான் எங்கள் அணி கேட்கிறது.

அந்த வகுப்பில் தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண் ஐந்தாவது சனிக்கிழமைதான் தேறினாள். இந்த வருடம் அவள் திருத்துகிற பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். எட்டு கணக்கு சரியாகப் போட்டு முகம் வாடி நிற்கிற பிள்ளையிடம், "ரெண்டுதானே, அடுத்த வாரம் வா" என்கிறாள்.

மணி அடித்துவிட்டார்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.