ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே அடிக்கடி கட் ஆகுதா? தப்பு எங்கேன்னு கண்டுபிடிக்கலாம்

[திரையில்: கார் டேஷ்போர்டு. மேப் ஓடுது. திடீர்னு மறைஞ்சு ஹோம் ஸ்கிரீன் வருது.]

குரல்: அடுத்த திருப்பம் 200 மீட்டர்ல. சரியா அந்த நேரம் பார்த்து மேப் காணாமப் போகுது. கொஞ்ச நேரத்துல தானா திரும்பி வருது, ஆனா திருப்பம் தாண்டியாச்சு. எல்லாரும் முதல்ல திட்டுறது கார் ஸ்கிரீனை. பெரும்பாலும் தப்பு அங்கே இருக்காது.

போன்ல இருக்கிறதை கார் ஸ்கிரீன்ல காட்டுற வசதிதான் இது, ஆண்ட்ராய்டு போனுக்கு ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஐபோனுக்கு ஆப்பிள் கார்பிளே. எதுவா இருந்தாலும் மேப், பாட்டு, மெசேஜ் எல்லாமே ஓடுறது போன்லதான். போன் அதை வீடியோவா மாத்தி காருக்கு அனுப்புது. நீங்க ஸ்கிரீனைத் தொட்டா, எந்த இடத்துல தொட்டீங்கங்கிற தகவல் திரும்ப போனுக்குப் போகுது. இந்தப் போக்குவரத்து கொஞ்சம் தடைபட்டாலே போதும், மொத்த ஸ்கிரீனும் போயிடும்.

அதனால எந்த செட்டிங்கையும் தொடுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. அதே கார், அதே கேபிள், வேற போன். அதுலயும் கட் ஆனா, சந்தேகம் கேபிள் மேல, இல்லன்னா கார் மேல. அது ஒழுங்கா ஓடினா, உங்க போனைத்தான் பார்க்கணும்.

[திரையில்: கேபிளின் குறுக்குவெட்டுப் படம். நாலு கம்பிகள்.]

குரல்: முதல்ல கேபிள். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள்ள நாலு கம்பி இருக்கு. ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு டேட்டாவுக்கு. "சார்ஜ் ஏறுதே, அப்போ கேபிள் நல்லாத்தானே இருக்கு"ன்னு நினைக்கிறதுதான் இங்க நடக்குற பெரிய தப்பு. டேட்டா கம்பி உள்ளே விட்டுப் போயிருந்தாலும் சார்ஜ் ஏறிக்கிட்டேதான் இருக்கும். டேட்டா கம்பியே இல்லாத, சார்ஜுக்கு மட்டும்னு வர்ற கேபிளும் நிறைய உண்டு. பார்த்தா வித்தியாசமே தெரியாது. ஒரு மீட்டருக்குள்ள நீளம் இருக்கிற, டேட்டா போகிற கேபிளா எடுங்க. நடுவுல எக்ஸ்டென்ஷன், ஹப் எதுவும் வேண்டாம்.

அடுத்து, கார்ல எந்தப் போர்ட்? ரெண்டு மூணு போர்ட் இருந்தாலும் பல கார்கள்ல ஒண்ணுல மட்டும்தான் டேட்டா வரும், மத்ததெல்லாம் வெறும் சார்ஜிங். அதைப் போர்ட் பக்கத்துலயே தெளிவா எழுதி வைக்காத கார் கம்பெனிகள் மேல கோபம் வர்றது நியாயம்தான். ஓனர்ஸ் மேனுவல்ல பாருங்க.

[திரையில்: போன் சார்ஜிங் போர்ட், மிக அருகில். டார்ச் வெளிச்சம்.]

குரல்: இப்போ போனோட போர்ட். பிளக்கைச் சொருகினா டக்குனு உட்காரணும். பிளக்குக்கும் போனுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு இடைவெளி தெரிஞ்சா, லேசா ஆட்டினாலே கழண்டு வந்தா, உள்ளே பஞ்சு அடைச்சிருக்கு. பாக்கெட்ல இருக்கிற நூல் தூசி, சொருகச் சொருக அழுந்தி, அடியில கம்பளி மாதிரி படிஞ்சிடும். மேடு பள்ளத்துல மட்டும் கட் ஆகிறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு, மரத்துல செஞ்ச பல் குத்துற குச்சியால ஓரத்திலிருந்து மெதுவா நெம்பி எடுங்க. ஊசி, ஊக்கு எதுவும் உள்ளே போகக் கூடாது. வாயால ஊதவும் வேண்டாம், ஈரம் இறங்கும்.

இதெல்லாம் சரியா இருந்தும் கொஞ்ச நேரம் ஓடிட்டு நின்னு போகுதா? ஆண்ட்ராய்டுல பேட்டரி சேமிப்பைப் பாருங்க. போன் ஸ்கிரீன் அணைஞ்சதும், பின்னாடி ஓடுற ஆப்களை சில போன்கள் தானாவே நிறுத்திடும். செட்டிங்ஸ், ஆப்ஸ், ஆண்ட்ராய்டு ஆட்டோ, பேட்டரி. அதுல அன்ரெஸ்ட்ரிக்டட், அதாவது கட்டுப்பாடு இல்லாமன்னு இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க. இதையே மேப் ஆப்புக்கும் கூகுள் ப்ளே சர்வீசஸுக்கும் செய்யணும். போனுக்குப் போன் மெனு பேரு கொஞ்சம் மாறும்.

ஐபோன்னா வேற இடம். ஐபோனோட குரல் உதவியாளர் சிரி ஆன்ல இல்லன்னா கார்பிளே வேலை செய்யாது. செட்டிங்ஸ், ஜெனரல், கார்பிளேவுல உங்க காரைத் தொட்டு, போன் லாக்ல இருக்கும்போதும் அனுமதின்னு இருக்கிறதை ஆன் பண்ணுங்க. ஸ்கிரீன் டைம் கட்டுப்பாட்டுல கார்பிளே அணைஞ்சிருக்கான்னும் பார்த்துக்கோங்க.

[திரையில்: போனிலிருந்து காருக்கு ரெண்டு கோடுகள். ஒண்ணு ப்ளூடூத், ஒண்ணு வைஃபை.]

குரல்: வயர்லெஸ்னா கதை வேற. ப்ளூடூத் காரை அடையாளம் கண்டு, வைஃபை விவரத்தைக் கைமாத்தி விடும். படமும் பாட்டும் போறது வைஃபைல. ஆண்ட்ராய்டுல அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையா இருக்கணும். பேட்டரிக்காக வைஃபையை அணைச்சு வச்சா இணைப்பே வராது. இன்டர்நெட் போக்குவரத்தை வேற வழியா திருப்பி விடுற சில விபிஎன் ஆப்களும் நடுவுல புகுந்து கெடுக்கும், அணைச்சுட்டுப் பாருங்க. அதோட சூடு. வயர்லெஸ் சார்ஜர் மேல போனை வச்சு, மேப்பும் ஓடி, வெயிலும் அடிச்சா போன் கொதிக்கும். சார்ஜ் ஏறுறது நிக்கும், வேகம் குறையும். நீண்ட பயணத்துக்குக் கேபிள்தான் நல்லது.

சில நேரம் பழைய இணைப்பே குழம்பிக் கிடக்கும். அப்போ போன்ல மட்டும் காரை நீக்கினா போதாது. போன்ல காரையும், கார்ல போனையும் நீக்கணும். ஐபோன்ல அதே கார்பிளே பக்கத்துல ஃபர்கெட் திஸ் கார், ஆண்ட்ராய்டுல ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டிங்ஸ்குள்ள ஏற்கெனவே இணைச்ச கார்கள். ரெண்டையும் ரீஸ்டார்ட் பண்ணிட்டு, புதுசா இணைங்க. கார் ஸ்கிரீன்ல தேதி, நேரம் சரியா இருக்கான்னும் ஒரு பார்வை. தேதி தப்பா இருந்தா, போனும் காரும் ஒண்ணையொண்ணு நம்பலாமான்னு பார்க்கிற பாதுகாப்புச் சான்றிதழ் சோதனை தோத்து, இணைப்பு மறுக்கப்படலாம்.

வழி சொல்ற குரல் மட்டும் கேட்கலையா? பாட்டுக்கு ஒரு வால்யூம், வழிகாட்டும் குரலுக்குத் தனி வால்யூம். பல கார்கள்ல அந்தக் குரல் பேசிக்கிட்டிருக்கும்போதே வால்யூமைத் திருப்பினாத்தான் அது கூடும்.

[திரையில்: சர்வீஸ் சென்டர் கவுன்ட்டர். ரெண்டு போன், ஒரு புதுக் கேபிள்.]

குரல்: எல்லாம் பார்த்தும் தீரலைன்னா சர்வீஸ் சென்டர். வெறுங்கையோட போனா "உங்க போன்லதான் பிரச்சினை"ன்னு அனுப்பிடுவாங்க. ரெண்டு வேற போன், ஒரு புதுக் கேபிள் கொண்டு போய், அங்கேயே கட் ஆகிறதைக் காட்டுங்க. ஸ்கிரீனோட சாஃப்ட்வேர் பதிப்பு எண்ணையும் எழுதி எடுத்துட்டுப் போய், புது அப்டேட் வந்திருக்கான்னு கேளுங்க.