மெத்தைக்கு மேலும் கீழும்

நேயர்களுக்கு வணக்கம். பாய்மரப் படகுகளின் உள்ளறைகளைச் செப்பனிடும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், சிங்கப்பூரில் படகு வைத்திருப்போர் மெத்தை தேர்ந்தெடுக்கும்போதும் மின்னலிலிருந்து படகைக் காக்கும்போதும் கவனிக்க வேண்டியவற்றைப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். இரண்டும் தொடர்பற்றவை போலத் தோன்றலாம். ஆனால் படகுக்குள் ஒரே பலகையின் மேல் மெத்தை இருக்கிறது. அதே பலகைக்குக் கீழேதான் பெரும்பாலும் மின்னலைக் கடலுக்குள் இறக்கும் கம்பி ஓடுகிறது.

முதலில் மெத்தை. கடலில் நனைந்த துணியை அலசாமல் காயப்போட்டவர்களுக்குத் தெரியும்: வெயிலில் மொடமொடவென்று காய்ந்த துணி, பொழுது சாய்ந்ததும் பிசுபிசுத்துவிடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே, கடல்நீர் பட்ட மெத்தையை நல்ல தண்ணீரில் அலசாதவரை அது காயாது.

சாங்கியில் படகு நிறுத்தியிருந்த நண்பர் ஒருவர், வீட்டுச் சோபா தைக்கும் கடையொன்றில் மெத்தைகள் செய்து வாங்கினார். பருத்தி கலந்த, தொட இதமான நீலத் துணி. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு பருவமழை முடிவதற்குள் அறைக் கதவைத் திறந்தாலே பூஞ்சை வாடை அடித்தது. மெத்தையைப் புரட்டிப் பார்த்தேன். மேற்புறம் புதிதாகவே இருந்தது. பலகையோடு ஒட்டிக் கிடந்த அடிப்புறத்தில் மிளகுத்தூளைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள். ஜிப்பின் பித்தளைப் பற்களில் பச்சைக் களிம்பு ஏறி, இழுக்க இழுக்க அசையவில்லை. தையலைப் பிரித்து உள்ளிருந்த ஸ்பஞ்சை அழுத்தியபோது விரலிடுக்கில் கசிந்த நீர் உப்புக் கரித்தது. துணியில் குறையில்லை, அது இருக்க வேண்டிய இடம் வீடு.

படகின் திறந்த தளத்துக்கு, நீரை உறிஞ்சாத மூடிய துளை ஃபோம் ஏற்றது. சற்றுக் கடினமாக இருக்கும், ஆனால் மிதக்கும். மென்மை வேண்டுவோர், மேலே ஊற்றிய தண்ணீர் அப்படியே கீழே வடிந்துவிடும் பெருந்துளை ஃபோமை வாங்கி, அடிப்புறத்துக்கு வலைத்துணி தைக்கச் சொல்லுங்கள். உள்ளே படுக்கைக்கு 10 செ.மீ. கனமுள்ள, அடர்த்தி மிகுந்த ஃபோம் வேண்டும். அதன் கீழே காற்றோட இடைவெளியும் வேண்டும், ஏனெனில் உடற்சூடு பட்ட ஈரக்காற்று பலகையைத் தொடும் இடத்தில்தான் வியர்க்கிறது. உறைக்கு, நூலாகும் முன்பே சாயமேற்றிய அக்ரிலிக் துணி வெயிலுக்கு எளிதில் வெளுக்காது. ஜிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மீண்டும் சொல்கிறேன், கடைக்காரர் மேற்புறத்தைக் காட்டும்போது நீங்கள் அடிப்புறத்தைக் கேளுங்கள்.

இனி மின்னல். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாட்களுக்கு மேல் இடி இடிக்கிறது. சுமத்ராவிலிருந்து வரும் புயற்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வருகிறது. அதாவது, படகில் தங்கியவர்கள் அந்த மெத்தையில் படுத்திருக்கும் வேளையில். பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள் படுக்கைக்கு மிக அருகில் படகின் உடலோடு பிணைந்திருக்கின்றன. மெத்தை மின்சாரத்தைத் தடுக்கும் என்று நம்புவோர் உண்டு. பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்து வருகிற மின்னலுக்கு 10 செ.மீ. ஃபோம் ஒரு தடையே அன்று.

அதற்கு வழிவிடுவதுதான் காப்பு. இங்கிலாந்தின் மின்னியல் ஆய்வாளர் வில்லியம் ஸ்னோ ஹாரிஸ் 1820-இல் சொன்னதும் இதுவே. அதற்கு முன்பு கப்பல்களில் இடி வரும்போது தூக்கிக் கட்டும் சங்கிலிகள் இருந்தன. அவை பெரும்பாலும் பெட்டியிலேயே கிடந்தன. அவர் செம்புத் தகடுகளைப் பாய்மரத்திலேயே நிலையாகப் பதித்து, கப்பலின் அடிவரை கொண்டுசென்றார். 1831-இல் டார்வினுடன் புறப்பட்ட பீகிள் கப்பல் அந்தத் தகடுகளோடுதான் சென்றது. ஹாரிஸ் தம் கருத்துக்காகக் கடற்படையோடு நடத்திய நெடும் போராட்டத்தை விரிவாகச் சொல்ல விரும்பினேன். நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை வருகிறது.

எனவே சுருக்கமாக: பாய்மரத்தின் அடியிலிருந்து கடல்நீரில் மூழ்கிய உலோகம்வரை ஏறத்தாழ 21 சதுர மி.மீ. பருமனுள்ள செம்புக் கம்பி, கூர்மையான வளைவின்றி, இயன்றவரை நேராக இறங்க வேண்டும். நீரிலுள்ள தகடு ஒரு சதுர அடிக்குக் குறையக் கூடாது. அலுமினியப் பாய்மரமும் செம்புக் கம்பியும் சேரும் முனையை உப்பு ஈரம் அரித்துவிடும் என்பதால், மெத்தையை அலச எடுக்கும் ஒவ்வொரு முறையும் பலகையைத் தூக்கி அந்த முனையைப் பாருங்கள். இடி நேரத்தில் பாய்மரத்தையும் கம்பிகளையும் தொடாதீர்கள். படுக்கை கம்பிகளுக்கு அருகில் இருந்தால் எழுந்து விலகி உட்காருங்கள். கையடக்க வானொலிக் கருவி மின்னலில் பழுதாகாமலிருக்க, அதைக் கதவுள்ள உலோக அடுப்புக்குள் வையுங்கள். மின்னல் தாக்கிவிட்டால், மின்கருவிகளைப் பார்ப்பதற்கு முன்பு, படகின் அடியில் நீர் புகும் குழாய் முனைகள் விரிசல் கண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வணக்கம்.